அப்பப்பாவுக்கு நான் தேடிக்கொடுத்த பிள்ளைகள்

இறந்து பன்னிரண்டு வருடமான ஒரு மனிதரின் மானத்தை வாங்க முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும் என்று அனுபவத்தில் சொல்வேன். அதற்கு ஒரு லப்டொப், இரவல் வாங்கிய ஒரு புரொஜெக்டர், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு பேரன், இவ்வளவும் போதும். பேரன் நான். மானம் போனவர் என் அப்பப்பா பேதுருப்பிள்ளை. இடம், மன்னாரில் எங்கள் பங்குக் கோவில் மண்டபம். நேரம், ஞாயிறு பூசை முடிந்தும் சனம் வீட்டுக்குப் போகாமல் நின்ற நேரம் (போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்).

எல்லாம் அக்காவின் கலியாணத்தில் தொடங்கியது. அக்காவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. சண்டை நடந்த காலத்தில் ஒரு கலியாணப் பேச்சு, சண்டை முடிந்த பிறகு ஒரு பேச்சு, இரண்டும் பாதியில் நின்றுபோயின. பிறகு அவளே ஒருவரைக் கண்டுபிடித்துக்கொண்டாள். பெயர் ஜெராட். வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவர். முள்ளிக்குளத்து ஆட்கள், ஆனால் ஊர் கடற்படையிடம் இருந்ததால், அந்த வருடங்களில் சொந்த ஊருக்குள் போய் இருக்க அவர்களுக்கு அனுமதி கிடைத்திருக்கவில்லை. வேறோர் இடத்தில் தகரக் கொட்டில் போட்டு இருந்தார்கள். அந்த இடத்துப் பள்ளிக்கூடத்தில்தான் அக்கா படிப்பித்தாள். அவளுடைய ஸ்கூட்டி நின்றுபோக, ஜெராட் திருத்திக் கொடுத்தார் (ஸ்கூட்டியில் ஒரு பிழையும் இருக்கவில்லை, பெற்றோல்தான் முடிந்திருந்தது என்று பிறகு ஒத்துக்கொண்டார்). இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைக்க அக்காவுக்கு நான்கு வருடம் பிடித்தது. ஜெராட்டின் தாய் சவரியம்மா கடைசியாகத்தான் தலையசைத்தார். எங்களைப்போன்ற மன்னார்த் தீவுக்காரர் கொஞ்சம் வாய் நீளமானவர்கள் என்பது அவருடைய பயம். அது எவ்வளவு நியாயமான பயம் என்பதை நான் நிரூபித்தேன்.

கத்தோலிக்கக் கலியாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் அறிவித்தல் வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. முக்கியமான தடை இரத்த உறவு. பங்குச் சுவாமி இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் கந்தோருக்குக் கூப்பிட்டு விசாரித்து, உறவு ஒன்றும் இல்லை என்று எழுதியும் வைத்துவிட்டார். முதல் அறிவித்தல் வாசிக்க இன்னும் ஆறு கிழமை இருந்தது. விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் பல்கலைக்கழகம் ஏதோ வேலைநிறுத்தத்தில் மூடியிருந்தது. நான் வீட்டில் இருந்தேன். என்னைப்போல ஒரு ஆள் வேலையில்லாமல் வீட்டில் இருப்பது ஊருக்கு ஆகாது.

சுவாமியின் கந்தோர் அலுமாரியில், சண்டையில் இடம்பெயர்ந்தபோது கோவில் மூப்பர்கள் சாக்கில் கட்டிக் காப்பாற்றிய, முள்ளிக்குளம் உட்படப் பல ஊர் ஞானஸ்நானப் புத்தகங்களின் பிரதிகள் இருந்தன. தாய், தகப்பன், பிள்ளை, திகதி. பார்த்ததும் எனக்குப் பரபரப்பு வந்துவிட்டது. “சுவாமி, நான் இதையெல்லாம் கொம்பியூட்டரில ஏத்தித் தாறன். ஆருக்கு ஆர் சொந்தம் எண்டு ஒரு செக்கனில சொல்லும்” என்றேன். சுவாமி நல்ல மனிதர். “உமக்கு நேரமிருந்தால் செய்யும்” என்றார். நேரம்தான் என்னிடம் இருந்த ஒரே சொத்து.

பெயர்களை ஏற்ற ஐந்து கிழமை எடுத்தது. பிறகு செய்நிரல். அந்த வருடம் எங்களுக்கு ஓகாமல் என்ற ஒரு கணினி மொழியைப் படிப்பித்தார்கள். அதில் எல்லாமே சார்புகள். சார்பு என்பது ஒரு கேள்வியை வாங்கி ஒரு விடையைத் தருகிற சின்ன உத்தியோகத்தர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டிய உத்தியோகத்தருக்கு ‘மூதாதை’ என்று பெயர் வைத்தேன். வேலை சுலபம். ஒரு ஆளின் பெயரைக் கொடுத்தால், அவருடைய பெற்றோரைப் புத்தகத்தில் தேட வேண்டும். பெற்றோர் இல்லாவிட்டால் அவரே மூதாதை. இருந்தால், அந்தப் பெற்றோரைப் பற்றி மறுபடியும் ‘மூதாதை’யிடமே கேட்க வேண்டும். அதாவது தன்னைத் தானே கூப்பிட்டுக் கூப்பிட்டு மேலே ஏற வேண்டும். தாய் வழியாக ஏறுவதா, தகப்பன் வழியாக ஏறுவதா என்பதை நான் தேர்ந்தெடுக்கலாம்.

இங்கே ஒரு பாவசங்கீர்த்தனம். இதை எழுதுவதற்கு முதல், திரையில் எழுத்து ஒழுங்காக விழுகிறதா என்று பார்க்க, ஒரு பொய் ‘மூதாதை’யை எழுதியிருந்தேன். அதற்கு ஒன்றுமே தெரியாது. யாரைப் பற்றிக் கேட்டாலும் ஒரே விடை: பேதுருப்பிள்ளை. மனதில் முதலில் வந்த பெயர் அதுதான். உண்மையான சார்பை அதற்குக் கீழே, அதே பெயரில் எழுதினேன். பொய்யானதை அழிக்கவில்லை. பஞ்சி, அதாவது சோம்பல்.

பரிசோதித்தும் பார்த்தேன், சும்மா சொல்லக்கூடாது. அப்பாவின் பெயரைப் போட்டேன். பேதுருப்பிள்ளை என்றது. சரி. அக்காவைப் போட்டேன். பேதுருப்பிள்ளை. சரி. அப்பாவின் அக்கா ராணி மாமியைப் போட்டேன். பேதுருப்பிள்ளை. அப்பப்பாவுக்கு மேலே உள்ள புத்தகத்தைக் கறையான் தின்றிருந்ததால், எங்கள் குடும்பம் உண்மையாகவே அவரோடுதான் தொடங்கியது. நூற்றுக்கு நூறு. வேறு யாரையும் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. உலகத்தில் வேறு குடும்பங்கள் இருப்பதை இருபத்தொரு வயதில் நான் பெரிதாக யோசித்ததில்லை.

மூன்றாவது அறிவித்தலுக்கு முந்திய ஞாயிறு, ஜெராட்டின் வீட்டார் எங்கள் கோவிலுக்குப் பூசைக்கு வந்திருந்தார்கள். பூசை முடிந்ததும் என் கண்டுபிடிப்பைச் சனத்துக்குக் காட்டச் சுவாமியிடம் அனுமதி வாங்கியிருந்தேன். போட்டோக்கொப்பிக் கடை முபாரக் நானா தன் புரொஜெக்டரை இரவல் தந்து, அதற்குக் காவலாகத் தானும் வந்து நின்றார். மண்டபம் நிறைந்திருந்தது. முன் வரிசைக் கதிரைகளில் ஒரு பக்கம் அம்மா, அப்பா, ராணி மாமி. மறுபக்கம் சவரியம்மா, ஜெராட். அக்கா நடுவில் எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“முதல்ல எங்கட கலியாணச் சோடியையே பாப்பம்” என்றேன். யாரும் கேட்கவில்லை. நானேதான் சொன்னேன்.

அக்காவின் பெயரைப் போட்டேன். திரையில் விழுந்தது: றோசலின், மத்தியாஸ், பேதுருப்பிள்ளை. அப்பாவின் பெயர் மத்தியாஸ். சனம் திருப்தியாகத் தலையாட்டியது. பிறகு ஜெராட்டைத் தாய் வழியாகப் போட்டேன்.

ஜெராட், சவரியம்மா, பேதுருப்பிள்ளை.

அதற்குக் கீழே, ‘ஒரே மூதாதை’ என்று பெரிய சிவப்பு எழுத்து மினுங்கியது. மினுங்க வைத்ததும் நான்தான். இரண்டு நாள் மினக்கெட்டுச் செய்த வேலை.

முபாரக் நானா, “தம்பி, கொஞ்சம் மங்கலாக் கிடக்கு” என்று உதவும் எண்ணத்தோடு புரொஜெக்டரின் கண்ணாடியைத் திருகினார். அப்பப்பாவின் பெயர் இன்னும் தெளிவாக வந்தது.

அப்போதுதான் ராணி மாமி வாயைத் திறந்தார். அவர் அப்பப்பாவின் மூத்த மகள், தகப்பன்மேல் உயிர். “அப்பு வாடைக் காத்து துவங்கினால் முள்ளிக்குளத்தில போய்க் கடற்கரையில வாடிக் கொட்டில் போட்டு மீன்தொழில் செய்யிறவர்தானே” என்றார், தனக்குத் தானே பேசுவதுபோல. “போகேக்க ஒவ்வொரு வருசமும் ஒரு சீத்தைத் துணி வாங்கிக்கொண்டு போறவர். ஆருக்கு எண்டு அம்மா கேட்டால், வள்ளத்துக்குப் பாய் தைக்க எண்டு சொல்லுவார்.”

“பூப்போட்ட துணியிலயோ பாய்?” என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

மாமி யோசித்தார். “ஓம். பூப்போட்டதுதான்” என்றார். அவருடைய முகம் மாறிப்போனது.

எங்கள் மூப்பர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். “பொறுங்கோ. சவரியம்மா மத்தியாசுக்குத் தங்கச்சி முறை எண்டால், ஜெராட் றோசலினுக்கு மாமி மகன். உரிமை மாப்பிள்ளை. இதில என்ன பிழை?” என்றார்.

“மூப்பர், நீங்கள் சும்மா இருங்கோ” என்றார் சுவாமி. “அப்பிடி எண்டால் ஆயரிட்ட அனுமதி எடுக்க வேணும். கலியாணத்தை நிப்பாட்ட வேணும்.”

அப்பா சவரியம்மாவின் மூக்கைப் பார்த்தார். பிறகு தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார்.

சவரியம்மா எழும்பினார். ஒல்லியான மனுஷி, சத்தமாகப் பேசத் தெரியாதவர். “என்ர அப்பு சந்தியாகு” என்றார். “என்ர அம்மாவைப் பற்றி ஆரும் ஒரு சொல்லுச் சொன்னதில்ல. செத்த பிறகு இந்தக் கோயில் மண்டபத்தில, எல்லாருக்கும் முன்னால, சிவப்பு எழுத்தில எழுதிப் போட்டிருக்கு. ஜெராட், எழும்பு. போவம்.”

ஜெராட் எழும்பினார். அக்கா தேத்தண்ணித் தட்டோடு அப்படியே நின்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தட்டில் இருந்த கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான்கு வருடம் ஒவ்வொரு ஆளாகச் சம்மதிக்க வைத்தவள்.

வாசல் வரை போன சவரியம்மா நின்றார். திரும்பித் திரையைப் பார்த்தார். பிறகு என்னை.

“தம்பி, அந்தப் பெட்டியிட்ட உங்கட அம்மாவின்ர பேரையும் ஒருக்காக் கேளும்.”

அம்மாவின் பெயரைப் போட்டேன்.

மேரி திரேசா, சூசையப்பு, பேதுருப்பிள்ளை.

அம்மாவின் தகப்பன் தோட்டவெளிச் சூசையப்பு. அவரும் அப்பப்பாவும் ஒரே வயது. இரண்டு பேரும் ஒன்றாகப் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடித்து ஒன்றாக அடி வாங்கியவர்கள் என்பது ஊருக்கே தெரியும். என் செய்நிரல் ஒருவரை மற்றவருக்குப் பிள்ளையாக்கிவிட்டது.

அம்மா திரையை ஒருமுறை வாசித்தார். அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப நான் கட்டினது என்ர சித்தப்பாவையோ?” என்றார்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. மூப்பர் ஓடிவந்து தன் பெயரைப் போடச் சொன்னார். போட்டேன். அவரும் பேதுருப்பிள்ளையின் வாரிசு. மூப்பரின் குடும்பமும் எங்கள் குடும்பமும் ஒரு கரைவலை விஷயத்தில் பல காலம் பேசாமல் இருந்தவர்கள். அடுத்தவர், அதற்கடுத்தவர், பாட்டு வாத்தியார், எல்லாரும் வரிசையில் வந்து அப்பப்பாவுக்குப் பேரப்பிள்ளைகளானார்கள். முபாரக் நானாவும் விடவில்லை. “எனக்கும் ஒருக்காப் பாருங்கோ” என்றார். அவருக்கு ஞானஸ்நானப் புத்தகத்தில் பெற்றோர் இல்லையே. திரையில் முபாரக் என்று மட்டும் வந்தது. “அல்ஹம்துலில்லாஹ், நான் தப்பினன்” என்று நெஞ்சில் கை வைத்தார்.

சவரியம்மா சிரிக்கவில்லை. ஆனால் திரும்பி வந்து பழைய கதிரையிலேயே இருந்தார். “பிழை எங்க எண்டு கண்டுபிடிச்சுச் சொல்லும். அதுவரைக்கும் நான் இருக்கிறன்” என்றார். சிரிப்பு அடங்கியது. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிழையைக் கண்டுபிடிக்காமல் அவர் எழும்பினால், கலியாணமும் அவரோடு எழும்பிப் போகும் என்பது எல்லாருக்கும் விளங்கியது.

முக்கால் மணித்தியாலம் அந்தச் செய்நிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வரியும் சரி. எனக்கு வியர்த்து, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய், என் வகுப்பில் படித்த ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தேன். வகுப்பிலேயே கெட்டிக்காரி. வரிகளை வாசித்துக் காட்டினேன்.

“ரெக் போட்டனியோ?” என்றாள்.

“ரெக் எண்டால் என்ன?”

“நீ மடு மாதா திருநாளுக்கு எண்டு சொல்லி ஒரு கிழமை வகுப்புக்கு வராமல் விட்டனியெல்லே” என்றாள். “அந்தக் கிழமை முழுக்க அதுதான் படிப்பிச்சவை.” (மாதாவைக் குறை சொல்ல நான் யார்.)

அவள் விளங்கப்படுத்தியது இதுதான். அந்த மொழியில் ஒரு சார்பு தன்னைத் தானே கூப்பிட வேண்டுமென்றால், அதை எழுதத் தொடங்கும்போதே ரெக் என்று முன்னால் எழுதி அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால், அந்தச் சார்பை எழுதி முடிக்கும் வரை அந்தப் பெயர் அதற்குச் சொந்தமில்லை. உள்ளே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், அதற்கு முன் அதே பெயரில் யார் இருந்தாரோ அவர்தான் வருவார். அப்படி யாரும் இல்லாவிட்டால், இப்படி ஒருவரை எனக்குத் தெரியாது என்று கணினி அந்த இடத்திலேயே சண்டை பிடித்திருக்கும். என் செய்நிரலில், நான் அழிக்காமல் விட்ட பழைய பொய்யன் இருந்தான். என் புது ‘மூதாதை’ ஒரு படி ஒழுங்காக ஏறி, இரண்டாம் படிக்குத் தன்னைக் கூப்பிடுவதாக நினைத்து அவனைக் கூப்பிட்டது. அவன் தனக்குத் தெரிந்த ஒரே பெயரைச் சொன்னான்.

மண்டபத்துக்குள் வந்து இதைச் சொல்லத் தொடங்கினேன். சார்பு, வரையறை, வீச்சு என்று விரிவுரைச் சொற்களெல்லாம் வந்தன. சனம் என்னை நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. சவரியம்மா பையைக் கையில் எடுத்தார்.

அம்மாதான் இடையில் புகுந்தார். “பொறு, எனக்கு விளங்குது” என்றார். “மூத்த பேரனுக்கு அப்பப்பாவின்ர பேர் எண்டு இவன் வயித்தில இருக்கேக்கையே நாங்கள் முடிவெடுத்தம். ஆனால் இவன் பிறந்து, ஞானஸ்நானம் குடுக்க இருபத்திரண்டு நாள் போச்சு. அந்த இருபத்திரண்டு நாளும் நான் பிள்ளையைப் பேதுரு எண்டு கொஞ்சினால், வெளியில இருந்து மாமா, அதுதான் இவன்ர அப்பப்பா, ‘என்ன பிள்ளை, கூப்பிட்டனியோ?’ எண்டு கேட்டுக்கொண்டு உள்ளுக்கு வருவார். பேர் இன்னும் பிள்ளையிட்ட வரேல்ல. பழைய ஆளிட்டத்தான் கிடந்தது. அதுதானே?”

அதுதான். ஒரு கிழமை விரிவுரையை அம்மா ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார். “அப்ப ரெக் எண்டது அவசர ஞானஸ்நானம்” என்றார் சுவாமி. மூப்பர்கூடத் தலையாட்டினார்.

நான் பழைய பொய்யனை அழித்தேன். ரெக் போட்டேன். ஜெராட்டின் பெயரை மறுபடி கொடுத்தேன். ஜெராட், சவரியம்மா, சந்தியாகு, மனுவேல், அந்தோனி. அங்கே புத்தகம் முடிந்தது. எங்கள் பக்கம் பேதுருப்பிள்ளையோடு முடிந்தது. தாய் வழி, தகப்பன் வழி எல்லாம் மாற்றி மாற்றிப் போட்டேன். எங்கேயும் சந்திக்கவில்லை. சுவாமியும் நானும் பிரதிகளை மேசையில் விரித்துக் கையாலும் ஒருமுறை சரிபார்த்தோம்.

“மூண்டாவது பேரை வாசியும்” என்றார் சவரியம்மா.

“சந்தியாகு.”

“இன்னொருக்கா. பின்னால இருக்கிற ஆக்களுக்கும் கேக்கட்டும்.”

“சந்தியாகு” என்று கத்தினேன். அவர் பையைக் கீழே வைத்தார். அக்காவின் தட்டிலிருந்து, ஆறிப்போன ஒரு தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். அக்கா அப்போதுதான் அழுதாள்.

அடுத்த ஞாயிறு மூன்றாவது அறிவித்தல் வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்ற இடத்தில் கோவில் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. கலியாணம் நடந்தது. மூப்பர் என் கையைப் பிடித்து, “மச்சான்” என்று கூப்பிட்டார். கரைவலைச் சண்டை அதோடு முடிந்தது. எங்கள் வீட்டில் கறிக்கு உப்புப் போட்டாயா என்று இன்றுவரை யாரும் கேட்பதில்லை. ரெக் போட்டாயா என்றுதான் கேட்பார்கள். அக்காவின் மகன் பிறந்தபோது நான்காம் நாளே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள், ஒரு விபரீதமும் வேண்டாம் என்று. அந்த யாழ்ப்பாணத்துப் பெண் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். இதையும் அவள் வாசித்துப் பார்த்த பிறகுதான் அனுப்புகிறேன். சீத்தைத் துணி விஷயம் மட்டும் தீரவில்லை. ராணி மாமி இன்னும் அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கலியாணம் நடந்த வருடம் ஆத்துமாக்கள் திருநாளன்று சேமக்காலையில் அப்பப்பாவின் கல்லறைக்குப் போனோம். எங்களுக்கு முன்னாலேயே சவரியம்மா அங்கே நின்றார், கையில் ஒரு மெழுகுதிரியோடு. அவருடைய தகப்பன் முள்ளிக்குளத்தில் புதைக்கப்பட்டவர். அங்கே போக முடியாமல் பல வருடம் திரி கொளுத்தவில்லையாம்.

“அண்ணை, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ” என்றார் அப்பாவிடம். “கொம்பியூட்டர் தந்த அப்புதானே. எனக்கும் பங்கிருக்கு.” திரியைக் கொளுத்தி வைத்துவிட்டு நெடுநேரம் நின்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் வந்தார். அப்பாவை அவர் வேறு விதமாகக் கூப்பிட்டதே இல்லை.

சில வருடம் கழித்து, முள்ளிக்குளத்துச் சேமக்காலைக்குப் போய்வர வழி கிடைத்தது. சவரியம்மா என்னையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். பற்றை வளர்ந்து, சிலுவைகள் சாய்ந்து கிடந்தன. சந்தியாகுவின் கல்லறையை ஜெராட் வெட்டித் துப்புரவாக்கினார். சவரியம்மா பையிலிருந்து மெழுகுதிரியை எடுத்து என்னிடம் தந்தார். காற்றுக்கு மூன்று முறை அணைந்தது. நான்காம் முறை பிடித்தது.

“ஆரை நினைச்சுக் கொளுத்தினனீர்?” என்று கேட்டார்.

“சந்தியாகு அப்புவை.”

அவர் திரியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். “சரி. இந்தமுறை உரிய ஆளிட்டப் போயிருக்கு” என்றார்.